குந்திச் சந்தையில் கற்ற நான்கு ‘நாம்’

ஜார்க்கண்டின் ராஞ்சியிலிருந்து உலிஹாத்து கிராமத்துக்குப் போய்வர 1,800 ரூபாய் என்று பேசித்தான் காரில் ஏறினேன். பாதி வழியில் அது 2,500 ஆகிவிட்டது. கேட்டால், ரோடு மோசமாம். ரோடு நன்றாகவே இருந்தது. பணத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். “முண்டாரியா? அது ஒரு பாஷையே இல்லை, காட்டுப் பேச்சு” என்றார் அந்த டிரைவர், இந்தப் பகுதி முண்டா பழங்குடியினரின் மொழியைப் பற்றி. வழியில் உள்ள குந்தி ஊரிலேயே கணக்கைத் தீர்த்து இறங்கிக்கொண்டேன். மீதி வழிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 50 ரூபாய்.

2011 கணக்கெடுப்பில் முண்டாரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 11 லட்சத்துக்கும் அதிகம். அரசியல் சாசனம் அங்கீகரித்த மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. 25 ஆயிரம் பேர்கூடத் தாய்மொழியாகச் சொல்லாத சமஸ்கிருதத்துக்கு இருக்கிறது. முண்டாரியின் உறவு மொழியான சந்தாலியையே 2003-ல் சட்டம் திருத்தித்தான் சேர்த்தார்கள். இது அநியாயம் என்றே சொல்வேன்.

உலிஹாத்து, பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடிய முண்டாக்களின் தலைவர் பிர்சா முண்டா பிறந்த ஊர். அவர் இறந்தது 1900-ல், ராஞ்சிச் சிறையில். வயது 25கூட நிரம்பவில்லை. நினைவு இல்லத்தில் கால் மணி நேரம் நின்றேன்.

என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவை வழியில் ஒரு கிராமத்தில் பார்த்த கற்கள்தாம். புளியமரத்தடியில் கட்டில் அகலத்துக்குப் பலகைக் கற்கள், சிறு கற்களின்மேல் தூக்கி வைத்தாற்போல் கிடந்தன. ஒன்றின்மேல் புளியம்பூ உதிர்ந்திருந்தது. சசன்திரி என்கிறார்கள். குலத்தின் முன்னோர் எலும்புகள் அடியில் இருக்கின்றன. காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கிய குடும்பத்துக்கே நிலம் என்பது முண்டாக்களின் பழைய குந்த்கட்டி முறை. அதற்கு இந்தக் கற்களே பட்டா.

செலவு விவரம் சொல்ல வேண்டும், ஆனால் சந்தையைச் சொல்லாமல் கை ஓடவில்லை. குந்திச் சந்தையில் சால இலைத் தொன்னையில் துஸ்கா சாப்பிட்டேன். அரிசியும் கடலைப்பருப்பும் அரைத்து எண்ணெயில் பொரித்தது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. மேலே சுடச்சுட உருளைக்கிழங்குக் குழம்பு. இரண்டு 20 ரூபாய். நான்கு சாப்பிட்டேன். ராஞ்சி ஓட்டலில் 240 ரூபாய் கொடுத்த சாப்பாடு இதன் பக்கத்தில் வர முடியாது.

பக்கத்தில் புளி விற்ற பாட்டி உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்: மியத், பரியா, அபியா, உபுனியா. கூடச் சேர்ந்து எண்ணினேன். அவர் சிரித்தார். கண்ணைத் தொட்டு ‘மெத்’ என்றார், கையை நீட்டி ‘தீ’ என்றார். வியட்நாமியர்களும் கண்ணை ‘மாத்’ என்கிறார்கள், கையைத் ‘தை’ என்கிறார்கள். இரண்டு மொழிகளும் ஒரே ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பம். அந்தப் புளிக்கூடைக்கு முன்னால் இது நினைவுக்கு வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்திதான் இந்தியில் விளக்கினாள். இந்தியில் ‘நாம்’ என்பதற்கு ‘ஹம்’ ஒன்றுதான், உங்களையும் சேர்த்தா, விட்டா என்று தெரியாது என்றாள். தமிழில் நாமும் நாங்களும் வேறுவேறு என்றேன். அவள் கண் விரிந்தது. முண்டாரி இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லோரையும் சேர்த்தால் ‘அபு’, கேட்பவரை விட்டுவிட்டால் ‘அலே’. இரண்டே பேர் என்றால் அதற்கும் தனி: நீயும் நானும் ‘அலாங்’, அவனும் நானும் ‘அலிங்’. இதையா காட்டுப் பேச்சு என்றார் அந்த மனிதர்!

“பையா, திரும்பச் சொல்லுங்கள்” என்று நான்கையும் மூன்று முறை ஒப்பிக்க வைத்தாள். அரைக் கிலோ புளி 60 ரூபாய்க்கு வாங்கினேன். பாட்டி மேலே ஒரு கைப்பிடி போட்டார்.

போகிறவர்கள் சந்தை நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். குந்தியில் அறை வாடகை 700 ரூபாய். ராஞ்சியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம், கார் வேண்டவே வேண்டாம். சால மரம் பூக்கும் நாளில், முண்டாக்களின் பூத் திருவிழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறாள் பேத்தி. ரயில் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.