ஒட்டுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் அம்மா பேசுவது எனக்குக் கேட்காது. நான் "என்னம்மா?" என்று இரண்டு முறை உரக்கக் கேட்பதற்குள் அவர் சலித்துப்போய், "ஒண்ணுமில்ல, ரோட்டப் பாத்து ஓட்டு" என்று முடித்துவிடுவார். காரின் உட்புறத்தை நானே பிரித்து இரைச்சலைக் குறைக்கும் வேலையில் இறங்கியதற்கு அதுதான் காரணம்.

முதலில், அலுமினியத் தாள் பூசிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டுகளை வாங்கி, நான்கு கதவுகளின் உள்தகட்டிலும் இடைவெளியே இல்லாமல் ஒட்டினேன். கதவைச் சாத்தும்போது முன்பு கேட்ட தகர ஓசை போய், கனத்த "தொப்" என்ற சத்தம் வந்தது. ஸ்பீக்கரின் ஒலியும் தெளிந்தது. ஆனால் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பழைய இரைச்சல் அப்படியே இருந்தது. ஒரு பொருளிடம் அதனால் செய்ய முடியாத வேலையை எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பியூட்டைல் ஷீட்டின் வேலை தகட்டின் அதிர்வை அடக்குவது. தகடு வளைந்து அதிரும்போது மேலே இருக்கும் அலுமினியத் தாள் நீள மறுப்பதால், நடுவில் சிக்கிய ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில், பரப்பில் கால் பங்கு ஒட்டினாலே பெரும் பலன் கிடைத்துவிடும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் "டங்ங்" என்று நீளும் இடமும் "டக்" என்று உடனே அடங்கும் இடமும் தனித்தனியாகத் தெரியும். நீளும் இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். நான் கதவுகளில் செலவழித்த ஷீட்டில் பாதிக்கு மேல் வீண்.

காற்றின் வழியே வரும் ஒலியைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனம் வேண்டும். தடுப்பின் எடை இரட்டிப்பானால் அதைக் கடந்து வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். காரின் தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது, அதாவது சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ. அதன்மேல் மெல்லிய ஃபோம் ஒன்றைப் பரப்பி, சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் விரிப்பைப் போட்டால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஆனால் இந்த விரிப்பில் இடைவெளி கூடாது. 40 டெசிபல் தடுக்கக்கூடிய ஒரு தடுப்பில், பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே அதன் பலன் 20 டெசிபலுக்குச் சரிந்துவிடும். அதிர்வை அடக்குவதற்குக் கால் பங்கு போதும், ஒலியைத் தடுப்பதற்கு முழுவதும் மூட வேண்டும் என்ற இந்த வேறுபாட்டை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

அடுத்ததாக, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நிற்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கேட்பது என்ஜின் சத்தம். சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு மாறியதும் குறைவது டயர் சத்தம். சாலை எப்படியிருந்தாலும் வேகத்தோடு சேர்ந்து சீறலாக ஏறுவது காற்று. தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் அமர்ந்து கவனித்தபோது, சாலை மாறிய நொடியில் இரைச்சல் சட்டென்று விழுந்தது. சந்தேகமே இல்லை, டயர்தான். பின்சக்கர வளைவுகளும் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியும்தான் அதை உள்ளே கொண்டுவந்தன.

பின் இருக்கையையும் கார்பெட்டையும் கழற்றிப் பார்த்தால், சக்கர வளைவின் மேல் வெறும் தகடு மட்டுமே இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பியூட்டைலை ஒட்டி, அதன் மேலுள்ள புடைப்புக் கோலம் தட்டையாகும் வரை ரோலரால் அழுத்தி, மேலே ஃபோமும் வினைலும் போட்டேன். ஷீட்டின் அலுமினிய விளிம்பு பிளேடு போல் கையை அறுக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. இருக்கைகளுக்கு அடியிலும் காரின் கூரையைத் தாங்கும் தூண்களிலும் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருக்காமல் அந்த வயரின் அருகில் போகக்கூடாது. சில கார்களில் கதவுக்குள்ளேயே மோதலை உணரும் அழுத்த சென்சார் இருப்பதால், கதவின் துளைகளை அடைக்கும் முன் வண்டியின் கையேட்டைப் பார்ப்பது அவசியம். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் கண்டிப்பாக மூடக்கூடாது. நான் ஒன்றை மூடிவிட்டேன். மழை பெய்த மறுநாள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கதவுக்குள் தண்ணீர் அலம்பியது. கதவின் உட்புற மூடியான டோர் பேடை மறுபடியும் கழற்றி ஷீட்டை வெட்டியெடுக்க அரைநாள் ஆயிற்று. அப்படியே விட்டிருந்தால் துருப்பிடித்திருக்கும்.

அதே சாலையில், அதே வேகத்தில், ஏசி மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசிச் செயலியில் முன்னும் பின்னும் அளந்து பார்த்தேன். இரைச்சல் 3 டெசிபல் குறைந்திருந்தது. எண் சிறியதுதான், ஆனாலும் ஒலியின் ஆற்றல் பாதியாகியிருக்கிறது என்பது அதன் பொருள். பேச்சை மூழ்கடித்துக்கொண்டிருந்த அந்த உறுமல் அடங்கியதால், காதுக்குக் கிடைத்த நிம்மதி எண்ணைவிடப் பெரியது.

சாலை இரைச்சல் குறைந்த பிறகு, அதுவரை கேட்காத ஒரு மெல்லிய கிறீச்சொலி பின்பக்கத்திலிருந்து எழுந்தது. பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள பார்சல் தட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசிய இடத்தில் துணி டேப் ஒட்டியதும் அது நின்றது. அந்தச் சத்தம் அங்கே இருக்கிறது என்று முதலில் சொன்னவர், பின் இருக்கையில் இருந்த அம்மா. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார், நான் திரும்பிக் கேட்கவில்லை.