மீனுக்கு முன்னால் தண்ணீர்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் மீனைப் பற்றித்தான் கேட்பார்கள். கோமாளி மீன் கிடைக்குமா, ஜோடியாகத் தருவீர்களா என்று. நான் பதிலுக்குக் கேட்பது, “உங்க வீட்ல தண்ணி எங்கேர்ந்து வருது சார்?” சென்னையில் இந்தத் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. அதில் பெரும்பங்கு நேரம் உப்புநீர் தயாரிப்பதிலேயே போகிறது. எனக்கு அதுதான் பிடித்த பகுதியும்கூட.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் கடினநீர். கடலோரப் பகுதிகளில் சவரும் சேர்ந்துகொள்ளும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் இருந்தால் கண்ணாடியில் பாசி ஏறிவிடும். அதனால் ஆர்.ஓ. செய்து, மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும்.

“சமையலறையிலேயே ஆர்.ஓ. இருக்கே தம்பி” என்பார்கள். பல வீடுகளில் அந்த இயந்திரத்தில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் இருக்கும். குடிக்கிற தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். குடிக்க அது சரி, தொட்டிக்கு ஆகாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீரைவிடக் கழிவுநீர்தான் அதிகம் வரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்துக் கிடந்த ஊர் இது. கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு கழுவப் பயன்படுத்த ஏற்பாடு செய்யாமல் நான் யூனிட் மாட்டுவதில்லை.

அப்புறம் உப்பு. கடல்நீரின் கலவையிலேயே தயாரித்து வாளியில் விற்கும் தொட்டி உப்பைத்தான் வாங்கச் சொல்வேன். கல் உப்பு போதாதா என்று கேட்காத வீடு குறைவு. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் உலகம் சுற்றிக் கொண்டுவந்த கடல்நீர் மாதிரிகளில் 77-ஐ வேதியியலாளர் வில்லியம் டிட்மர் பகுத்தாய்ந்து 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் அந்த விகிதத்தில் உண்டு. கல் உப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். தொட்டியில் வைக்கும் பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியத்துக்கு எங்கே போகும்?

அப்படியானால் கடல் தண்ணீரையே எடுக்கலாமே என்பார்கள். நியாயமான கேள்வி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல்நீரிலேயே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. ஆனால் கூவமும் அடையாறும் வந்து கலக்கும் சென்னைக் கரையில் கேன் போட்டு எடுக்க எனக்கு மனம் வராது. வடகிழக்குப் பருவமழையின்போது கரையோர நீரின் உப்புத்தன்மையும் இறங்கிவிடும்.

கலக்கும்போது எப்போதும் தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் கரைசல் மிகவும் கெட்டியாகி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பக் கரையாது. டிரம்மில் தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்பான பவர்ஹெட்டை ஓடவிட்டு, 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவேன். தெளிந்ததும் ஊற்றிவிடலாமா என்று பக்கத்தில் நின்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் உடனே ஊற்ற மாட்டேன். சில உப்புகள் சில மணி நேரத்தில் தயாராகும், சிலவற்றை இரவு முழுக்கச் சுழலவிட வேண்டும்; உப்பு வாளியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து அதன்படி செய்வேன். சென்னை ஈரக்காற்றில் உப்பு கட்டி தட்டிவிடும் என்பதால் வாளி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

உப்பின் அளவு 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு; ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் போதாது, 35 பி.பி.டி. திரவத்திலும் சரிபார்க்க வேண்டும். வெப்பநிலை தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் போட்டுச் சூடாக்குகிறார்கள். மே மாதத்தில் நமக்கு வேலை நேர்எதிர்: 25, 26 டிகிரிக்குத் தண்ணீரை இறக்குவது.

தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே தினமும் குறைகிற அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ./டி.ஐ. தண்ணீர்தான் விட வேண்டும். வீட்டில் யாராவது ஒருவருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன். பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான் கவனமாகக் கேட்டுக்கொள்வார். நான் பார்க்கும் வீடுகளில் அமைதியாக நடக்கும் தொட்டி ஒன்று அப்படி ஓர் அக்கா கவனிப்பில் இருக்கிறது. கலந்த தண்ணீர் ஒரு டிரம் மூடியோடு எப்போதும் அவரிடம் தயாராக இருக்கும். மின்சாரம் நீண்ட நேரம் போய், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா ஏறிய ஒரு ராத்திரியில், நான் போய்ச் சேருவதற்குள் அவரே தண்ணீரை மாற்றிவிட்டிருந்தார். புதிதாகத் தொட்டி வைப்பவர்களிடம் இப்போதெல்லாம் இன்னொரு மீனுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு டிரம் வாங்கச் சொல்கிறேன்.