மாவுப்பூச்சி மாதிரியே ஒரு புழு

"அண்ணே, இந்தக் குலை பூரா மாவுப்பூச்சி. மருந்தடிச்சிரவா?"

தேனி மாவட்டம் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல். முதுகில் மருந்து டேங்க் மாட்டியிருந்த தம்பி கேட்டார். மாவுப்பூச்சி என்பது செடியின் சாற்றை உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பூச்சி. தோட்டக்கார அண்ணன் குலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நில்லுப்பா. இது நம்மாளு."

உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. அப்படியே மாவுப்பூச்சிதான். ஆனால் அதைவிடப் பெரிது, விறுவிறுவென்று நடக்கிறது. நேரே போய் மாவுப்பூச்சியின் முட்டைப்பைக்குள் தலையை நுழைத்துத் தின்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. பிறப்பிடம் ஆஸ்திரேலியா. 1898இல் காப்பிச் செடியின் செதில் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாக்கி இந்த வண்டைப் பெருக்குகிறார்கள். திராட்சைக்குப் பரிந்துரை, கொடிக்கு 10 வண்டு.

மாவுப்பூச்சி பட்டைக்கு அடியில் ஒளியும். மேலே மெழுகுப் போர்வை வேறு. மருந்து லேசில் படாது. திறந்த வெளியில் இரை தேடி அலையும் வண்டுதான் அதில் மாட்டிக்கொள்கிறது. உருவத்தைப் பார்த்து ஏமாந்து எத்தனை தோட்டங்களில் இதைக் கொன்றிருப்போம்! நினைத்தாலே மனசு கஷ்டமாக இருக்கிறது.

வண்டு விடப்போகிறவர்கள் முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், வண்டை விரட்டும். விட்ட பிறகு கடும் மருந்து எதுவும் வேண்டாம். வெள்ளையாக எதைப் பார்த்தாலும், டேங்க்கைத் தூக்குவதற்குமுன் அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பாருங்கள்.