ஊடியவரை உணர்த்துவது

சிங்கப்பூரில் மலாய் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு மெராஜுக், புஜுக் இரண்டும் தெரிந்திருக்கும். வேண்டியவர் வந்து சமாதானம் செய்யட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மெராஜுக். அப்படி வந்து சமாதானம் செய்வது புஜுக். தமிழிலும் இந்த இணை இருக்கிறது: ஊடல், உணர்த்தல். முதல் சொல் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை மறந்துவிட்டோம். எவ்வளவு அருமையான வினை!

உணர்த்து என்றால் இன்று ‘புரியவை’ என்றுதான் படிக்கிறோம். அந்தப் பொருளோடு குறள் 1319-ஐத் தொட்டால் முதல் அடியிலேயே தடுக்கும்:

தன்னை உணர்த்தினும் காயும் பிறர்க்குநீர்
இந்நீரர் ஆகுதிர் என்று

‘தன்னைப் புரியவைத்தாலும்’ என்றால் பொருளே இல்லை. காதலன் அவளுடைய ஊடலைத் தணிவித்தாலும் காதலி சீறுகிறாள். மற்ற பெண்களிடமும் இப்படித்தானே குழைவீர் என்கிறாள். வேற்றுமை உருபைப் பார்த்தால் குழப்பம் தீரும். அவளுக்கு உணர்த்தினான் என்றால் எதையோ புரியவைத்தான். அவளை உணர்த்தினான் என்றால் ஊடலைத் தீர்த்தான்.

சொல்லின் அமைப்பு எளிது. நிகழ், நிகழ்த்து என்பதுபோல உணர் தன்வினை, உணர்த்து பிறவினை. ஊடல் நீங்கித் தெளிவதே உணர்தல். 1109-ஆம் குறள் ‘ஊடல் உணர்தல் புணர்தல்’ என்று மூன்றையும் வரிசையாக வைக்கிறது. நடுவில் இருப்பதை ‘அறிதல்’ என்று எடுத்தால் வரிசை குலைந்துவிடும். துயிலுணர்தல் என்றால் விழித்தெழுதல். ஊடலுணர்தலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். 1304 இன்னும் கடுமை: ஊடியவரை உணராமல் விடுவது, அதாவது ஊடலைத் தீர்க்காமல் விடுவது, வாடிய கொடியை அடியோடு அறுப்பதற்குச் சமம். வாடிய கொடி தண்ணீருக்குத்தானே காத்திருக்கிறது!

இன்றைய கடிதத்தில் ‘வாடிக்கையாளரை உணர்த்தினோம்’ என்று எழுத முடியாது, யாருக்கும் விளங்காது. ஆளைச் சொல்வதானால் சமாதானப்படுத்தினோம் என்று எழுதலாம். தணி, ஆற்று இரண்டும் ஆளைவிட உணர்ச்சியோடுதான் நன்றாகப் பொருந்தும்: கோபத்தைத் தணித்தார், துயரை ஆற்றினார். தணிந்தது, தணித்தார் என்ற ஒற்று வேறுபாட்டில் மாணவர்கள் அடிக்கடி சறுக்குவார்கள். தானாக அடங்கினால் ‘ந்’, ஒருவர் அடக்கினால் ‘த்’. ஆற்றுப்படுத்து என்பதை இதே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. திருமுருகாற்றுப்படையில் வரும் ஆறு, வழி. ஆகவே ஆற்றுப்படுத்துவது வழிகாட்டுவது. ‘ஆறுவது சினம்’ என்பதில் உள்ள ஆறு வேறு.