குடல், ஈரல் சிறப்புப் பயிற்சி: ஸ்கோப்புக்கு முன்னே விடுதியில் கற்க வேண்டியவை

எம்.டி. மெடிசின் முடித்துக் குடல், ஈரல் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, பயிற்சியில் எத்தனை எண்டோஸ்கோபி (ஸ்கோப் என்ற கமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்யக் கிடைக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பயிற்சியிலும் பரீட்சையிலும் பலர் சறுக்கும் இடம் கைவேலை அல்ல. நோயாளியை எப்போது மேசைக்குக் கொண்டுபோவது, அதற்கு முன்னர் அவருக்கு என்ன ஏறியிருக்க வேண்டும், எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்ற கணக்கில்தான் சறுக்குகிறார்கள். அந்தக் கணக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மருத்துவ விடுதியிலும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் அன்றாடம் வருவது. கொழும்பு இடமாற்றம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பாதையைச் சுருக்கமாகச் சொன்னால்: பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவகம்) தெரிவுப் பரீட்சை, எம்.டி., அதன்பின் அங்கீகரிக்கப்பட்ட பிரிவில் உள்நாட்டுப் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியாகச் சபைச் சான்றிதழுக்கு முந்திய மதிப்பீடு. வெளிநாட்டை நோக்கி இருப்பவர்கள் பலர் ஐரோப்பிய குடல், ஈரல் சிறப்புப் பரீட்சையையும் எழுதுகிறார்கள். அதில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 100 வினா, 3 மணித்தியாலம். ஐந்து விடைகளில் மிகச் சரியானதைத் தெரிய வேண்டும். ஒரு வினாவுக்கு 108 விநாடி விழுகிறது. முதல் சுற்றை 90 விநாடிக் கணக்கில் ஓட்டினால் கடைசியில் அரை மணித்தியாலம் மிஞ்சும். பிழையான விடைக்குப் புள்ளி கழிவதில்லை, எதையும் வெறுமையாக விடாதீர்கள். விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

இனி விடுதிக்கு வருவோம். இரத்தச் சத்தியோடு ஈரல் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ள நோயாளி ஒருவர் வந்தால், அந்த ஒரு கேசில் குறைந்தது பத்து வினாக்கள் இருக்கின்றன. கேட்கும்போதே கவனம் வேண்டும்: வெற்றிலை போடுபவர் துப்பிய சிவப்பும், இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவரின் கறுப்பு மலமும் நல்ல வைத்தியரையும் ஏமாற்றும். உண்மையான இரத்தக்கசிவு என்றால், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கினால்தான் இரத்தம் ஏற்றுங்கள். 7 முதல் 8 வரை வந்தால் போதும். வெளிறிய முகத்தைப் பார்த்துப் பயந்து 10 வரை ஏற்றுவதுதான் வழமையான பிழை. ஈரலுக்குப் போகும் போர்ட்டல் நாளத்தின் அழுத்தம் கூடி, நின்ற கசிவு திரும்பத் தொடங்கும். அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் 2 மி.கி. 4 மணித்தியாலத்துக்கு ஒருதரம். எண்டோஸ்கோபி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே தொடங்குங்கள். சோடியம் இறங்குகிறதா, விரல்கள் கறுக்கின்றனவா, நெஞ்சுவலி வருகிறதா என்று பாருங்கள். கிருமித்தொற்றைத் தடுக்க செஃப்ட்ரையாக்சோன் நாளுக்கு 1 கிராம். ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) கூடியிருக்கிறது என்பதற்காக எஃப்.எஃப்.பி. (உறையவைத்த பிளாஸ்மா) ஏற்றக்கூடாது. சிரோசிஸில் ஐ.என்.ஆர். கசிவின் அபாயத்தைக் காட்டாது, எஃப்.எஃப்.பி. கனஅளவை மட்டுமே கூட்டும். ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீளவில்லை என்றால் எண்டோஸ்கோபிக்கு 30 முதல் 120 நிமிடத்துக்கு முன்னர் எரித்ரோமைசின் 250 மி.கி. நாளத்தில் கொடுத்தால் இரைப்பையில் கட்டிய இரத்தம் கீழே போய்விடும். நினைவு தடுமாறுபவருக்கு முதலில் சுவாசக்குழாய்க்குள் குழாய் விட வேண்டும். இல்லையென்றால் எண்டோஸ்கோபி மேசையிலேயே இரத்தம் நுரையீரலுக்குள் போகும்.

வேரிசஸ் (உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள்) கசிவுக்கு 12 மணித்தியாலத்துக்குள் எண்டோஸ்கோபி என்பது எல்லோருக்கும் பாடம். ஆனால் அந்தக் கடிகாரம் உங்கள் விடுதிக்கு நோயாளி வந்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. பொத்துவிலிலோ வாகரையிலோ முதல் வைத்தியசாலையில் கால் வைத்த நேரத்திலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. அதனால் மாற்றி அனுப்பும் கடிதத்தில் முதல் சத்தி எத்தனை மணிக்கு, டெர்லிப்ரெசின் எத்தனை மணிக்கு என்ற இரண்டு நேரங்களும் இருக்க வேண்டும். அந்த நாளங்களை இறப்பர் பட்டியால் கட்டும் பேண்டிங் முடிந்த பிறகு பரீட்சைக்காரர் பிடிக்கும் இடம் வேறு: ஈரல் நோயின் கடுமையைக் காட்டும் சைல்ட்-பியூ மதிப்பில் சி வகுப்பு, 10 முதல் 13 புள்ளி என்றால், அல்லது பி வகுப்பில் 7க்கு மேல் இருந்து எண்டோஸ்கோபியில் கசிவு ஓடிக்கொண்டிருந்தால், 72 மணித்தியாலத்துக்குள் முன்கூட்டிய டிப்ஸ் (ஈரலுக்குள் குழாய் வைத்துப் போர்ட்டல் அழுத்தத்தை இறக்கும் முறை). இங்கே அது கைக்கெட்டாது. என்றாலும் விடைத்தாளில் அதுதான் சரியான விடை. உள்ளூர் வசதியை வைத்து விடை தெரிவதுதான் நம்மவர்கள் புள்ளி இழக்கும் பெரிய காரணம்.

வயிற்றில் நீர் கட்டியவருக்குக் குத்தும்போது இடது இலியாக் (இடுப்பெலும்பு) முன் முனையிலிருந்து இரண்டு விரல் மேலே, இரண்டு விரல் உள்ளே. குருதி வளர்ப்புப் போத்தலுக்குள் 10 மி.லி. கட்டிலருகிலேயே விட வேண்டும். ஆய்வுகூடத்தில் போய் ஊற்றினால் கிருமி வளரும் வாய்ப்புக் குறையும். நீரில் நியூட்ரோபில் (வெள்ளையணு வகை) கன மி.மீ.க்கு 250க்கு மேல் என்றால் அது கிருமித்தொற்று; வளர்ப்பு முடிவு வரும்வரை நிற்காமல் சிகிச்சை தொடங்குங்கள். அதோடு கொடுக்கும் அல்புமினை மருந்தகத்திடம் கிராமில் கேட்காதீர்கள், போத்தலில் கேளுங்கள். 20 சதவீதப் போத்தல் 100 மி.லி.யில் 20 கிராம் இருக்கும். 60 கிலோ நோயாளிக்கு முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம் என்றால் 90 கிராம், அதாவது நாலரைப் போத்தல். மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம், மூன்று போத்தல். 8 லீற்றர் நீர் இறக்கினால் லீற்றருக்கு 8 கிராம்படி 64 கிராம், மூன்று போத்தலும் கொஞ்சமும். வெள்ளி பின்னேரம் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் சனி, ஞாயிறில் மூன்றாம் நாள் மருந்து தவறிவிடும். சிறுநீரகம் திங்கட்கிழமை கதை சொல்லும். இன்னொன்று: இரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்து வரும் வித்தியாசம் லீற்றருக்கு 11 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நீர் கட்டக் காரணம் போர்ட்டல் அழுத்தம். இரண்டு மாதிரியும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். இடையில் அல்புமின் ஏற்றிய பிறகு எடுத்த இரத்தத்தை வைத்துக் கழிப்பது அர்த்தமில்லாத கணக்கு.

குடிப்பழக்கம் பற்றிய குறிப்பில் 'அவ்வப்போது குடிப்பார்' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். நம்மிடம் வருபவர் கால் போத்தல், அரைப் போத்தல் என்றுதான் சொல்வார். போத்தலில் 33 சதவீதம் என்று போட்டிருந்தால் 180 மி.லி. கால் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 47 கிராம் அல்ககோல். சீனி வருத்தமும் பருமனும் உள்ள ஆண் அதைத் தினமும் குடித்தால், ஆணுக்கு நாளுக்கு 30 முதல் 60 கிராம் என்று 2023இல் வகுத்த மெட்-ஏ.எல்.டி. (பருமன், சீனி வருத்தத்தால் வரும் கொழுப்பு ஈரலோடு குடியும் சேர்ந்தது) வரம்புக்குள் நேராக விழுகிறார். கொழுப்பு ஈரல் என்று மட்டும் எழுதினால் பாதி விடை. கசிப்புக்குச் சதவீதம் எழுதியிருக்காது, அளவையும் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்கண்மாரி என்று வருபவரிடம் பரியாரியாரிடம் என்ன வாங்கிக் குடித்தார் என்பதையும் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். மருந்தால் வந்த ஈரல் பாதிப்பு என்றால் ஈரல் இரத்தப் பரிசோதனையின் ஏ.எல்.ரி.யை அதன் உச்ச வரம்பாலும் ஏ.எல்.பி.யை அதன் உச்ச வரம்பாலும் வகுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 5 அல்லது மேல் ஈரல் கலப் பாதிப்பு, 2 அல்லது கீழ் பித்தத் தேக்கம்.

டெங்கு, எலிக்காய்ச்சல், பரசிற்றமோல் நஞ்சு ஆகியவற்றில் நம் பக்கத்து வைத்தியர்கள் யாருக்கும் சளைத்தவர்களில்லை. பலவீனம் இங்கே அரிதாகக் காணும் நோய்களில்: பரெட்ஸ் (உணவுக்குழாய் அடிப்பகுதியின் உட்படை மாறுவது), சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல் நோய்), பி.பி.சி. (ஈரலின் சிறு பித்தக்குழாய் நோய்), இரும்புத் தேக்கம். ஐரோப்பிய பரீட்சையில் அவை தாராளமாக வரும். பரெட்ஸின் நீளத்தைப் பொறுத்துத் திரும்ப எண்டோஸ்கோபி பார்க்கும் இடைவெளியை ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கம் 1 முதல் 3 செ.மீ.க்குக் கீழ்வரை 5 ஆண்டு, 3 முதல் 10 செ.மீ.க்குக் கீழ்வரை 3 ஆண்டு என்கிறது. பிரித்தானிய வழிகாட்டியின் இடைவெளி வேறு. இரண்டையும் கலந்து படித்தால் இரண்டிலும் குழம்பும், எந்தப் பரீட்சைக்கோ அதன் வழிகாட்டியை மட்டும் மனதில் வையுங்கள். சீலியாக் என்றால் இரத்தத்தில் மொத்த ஐ.ஜி.ஏ. எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள்; குடல் மாதிரி எடுக்கும்வரை கோதுமையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கடும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் (பெருங்குடல் புண் அழற்சி) மூன்றாம் நாள் காலைதான் தீர்ப்பு நேரம்: ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுத்தும் நாளுக்கு 8க்கு மேல் மலம் போனால், அல்லது 3 முதல் 8 வரை போய் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்த அளவு) 45க்கு மேல் இருந்தால், இன்ஃப்ளிக்சிமாப் மருந்தா சத்திரசிகிச்சையா என்ற பேச்சு அன்றே தொடங்க வேண்டும். ஆகவே காசநோய்ப் பரிசோதனையும் அமீபாவுக்கான மலமும் முதல் நாளிலேயே போயிருக்க வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஸ்டீரொயிட்டைக் கூட்டுவது ஆபத்து.

கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொலனோஸ்கோபியில் (பெருங்குடல் எண்டோஸ்கோபி) தள்ளத் தள்ள முனை நகராமலோ பின்னோக்கியோ வந்தால் சிக்மொயிட் என்ற பெருங்குடல் வளைவில் ஸ்கோப்பில் வளையம் விழுந்திருக்கிறது. இன்னும் தள்ளினால் வலியும் கிழிவும்தான். வலஞ்சுழியாக முறுக்கியபடி பின்னே இழுங்கள், காற்றைக் குறையுங்கள், நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள். நேரான ஸ்கோப் சீக்கத்தை (பெருங்குடலின் தொடக்கம்) அடையும்போது 70 முதல் 80 செ.மீ. காட்டும், 110 காட்டினால் வளையத்தோடு வந்திருக்கிறீர்கள். வெளியே எடுக்கும் நேரம் 6 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. குடல் சுத்தமில்லாமல் இதெல்லாம் வீண். சுத்திகரிக்கும் மருந்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்து, இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 5 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 2 மணித்தியாலத்துக்கு முன்னர் முடிக்கச் சொல்லுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து அதிகாலை பஸ் ஏறுபவருக்கு இது நடக்காத காரியம். அவருக்குப் பின்னேரப் பட்டியலில் இடம் போடுங்கள்.

பதிவேட்டில் எண்ணிக்கையை மட்டும் நிரப்பாதீர்கள். சீக்கம் எட்டியதா, எட்டாவிட்டால் எங்கே நின்றது, ஏன், யார் கையில் எடுத்தார், மாதிரியின் முடிவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மதிப்பீட்டில் உட்காருபவர்கள் விரலை வைப்பது அந்த எட்டாத கேசுகளில்தான்.