பாஸ் செல்லாத பஸ்

4 மார்ச் 2025, செவ்வாய்
செவ்வாய் என்றால் எங்கள் கிராமத்துக்கு நடமாடும் தபால் நிலையமான தபால் வேன் வரும். ஊர்க்கூட வாசலில் ஒரு மணி நேரம் நிற்கும். பார்சலோ பில்லோ அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். 2007-லிருந்து 2009-க்குள் பிரிட்டன் முழுக்க சுமார் 2,500 தபால் நிலையங்களை மூடினார்களே, எங்கள் ஊருடையதும் அதில் போனதுதான். இப்போது அது வீடு. கதவில் ‘பழைய தபால் நிலையம்’ என்று பலகை. அடுத்தது ‘பழைய பேக்கரி’. அந்த வீட்டுக்காரரே ரொட்டிக்கு டவுனுக்குத்தான் காரை எடுக்கிறார்.

6 மார்ச், வியாழன்
காலை பஸ் 9.20-க்கு. முதியோர் இலவச பாஸ் வார நாட்களில் 9.30-க்குப் பிறகுதான் செல்லும். அதற்கடுத்த பஸ் மத்தியானம். ஆக, பத்து நிமிஷத்துக்கு 3 பவுண்ட் தண்டம். டிசம்பர் வரை 2 பவுண்டாவது இருந்தது. பஸ் லேட்டானால் சந்தோஷப்படும் பயணிகளை இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் மாவட்டத்தில்தான் பார்க்கிறேன்.

11 மார்ச், செவ்வாய்
சிவப்பு டெலிபோன் கூண்டில் இன்று பயிற்சி. 1935-ல் கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த மாடல். போனைக் கழற்றிய பிறகு பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மன்றம்) அதை 1 பவுண்டுக்கு வாங்கியது. உள்ளே மஞ்சள் பெட்டி. மாரடைப்பில் நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி. பெட்டிக்கு எண் பூட்டு. அவசர உதவிக்கான 999-ஐக் கூப்பிட்டால் பூட்டைத் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். கூப்பிட என் மொபைலில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. டெலிபோன் கூண்டில் நின்றுகொண்டு போனுக்கு அலைந்தோம்! கடைசியில் ஒருவர் சர்ச் மேட்டுக்கு ஏறிப் பார்த்தார், அங்கே கிடைத்தது. உயிர் போகிற நேரத்தில் யார் ஏறுவது? வீட்டு லேண்ட்லைனையும் 2027 ஜனவரிக்குள் இணையத்துக்கு மாற்றுகிறார்கள். பேட்டரி வைக்காத வீட்டில் கரண்ட் போனால் அதுவும் ஊமை.

16 மார்ச், ஞாயிறு
பப்பில் வழக்கமான பேச்சு: ரயிலைப் பிடுங்கியது அன்றைய பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங். அவர் அறிக்கை 1963-ல் வந்தது. 2,363 நிலையங்களை மூடச் சொன்னது, உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து மிட்லண்ட் அண்ட் கிரேட் நார்தர்ன் ரயில்பாதையின் பெரும்பகுதி 1959 பிப்ரவரியிலேயே மூடியாயிற்று. லாரியும் காரும் வந்ததும் ரயிலில் ஏற ஆளில்லை. திட்டுவதற்கு ஒரு பெயர் இருந்தால் வசதி, அவ்வளவுதான். இன்று பஸ்ஸைப் பற்றிப் புலம்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

18 மார்ச், செவ்வாய்
நிறுத்தத்தில் நோட்டீஸ்: பஸ் நேரமாற்றம் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம், டவுனில், மாலை 7 மணி. திரும்பி வர கடைசி பஸ் 5.40. பக்கத்து வீட்டுக்காரரிடம் காரில் இடம் கேட்டிருக்கிறேன்.