படகு ட்ரெய்லரின் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் எங்கே பார்ப்பது?

படகு ட்ரெய்லரின் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டதும் பெரும்பாலோர் புது டயர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கோளாறு ஆக்சிலிலோ, ஸ்பிரிங்கிலோ, வீலின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பிலோ இருக்குமானால் புது டயரும் அதே இடத்தில் அதே வேகத்தில் தேயத்தான் செய்யும். ஆகவே, தேய்ந்த டயரைக் கழற்றும்போதே அது எந்த வீலில், எந்தப் பக்கம் வெளியே தெரியும்படி ஓடியது என்பதைச் சாக்பீஸால் அதன்மேல் எழுதிவையுங்கள். இந்த விவரம் தெரியாமல் டயரை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அளவுகள் யாவற்றையும் படகு ஏறியிருக்கும்போதே, எரிபொருளும் சாமான்களும் வழக்கம்போல் நிறைந்திருக்கும் நிலையிலேயே எடுக்க வேண்டும். வெறும் ட்ரெய்லரை அளந்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவதில் பயனில்லை. சாலையில் அது அந்த நிலையில் ஓடுவதே இல்லை.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தால் காற்று குறைவாகவோ, சுமை மிகுதியாகவோ இருந்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் சுமைக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம். இவை எளிதாகப் பிடிபடுபவை. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை உள்ளங்கைதான் காட்டிக்கொடுக்கும். டயரின் மேற்பரப்பில் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு முறையும், உள்ளிருந்து வெளிநோக்கி ஒரு முறையும் கையை மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போல விரலை இடறுவதாகவும் இருந்தால், அந்த டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வீல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை என்று பொருள். சுற்றளவில் ஆங்காங்கே குழி விழுந்ததுபோல் தேய்ந்திருந்தால், பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, வீல் பேலன்ஸ் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரெய்லர் வீல்களைப் பேலன்ஸ் செய்யத் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இடம், வலம் இரண்டு டயர்களும் உள்பக்கத்தில் மட்டும் ஒரேபோலத் தேய்ந்திருந்தால் ஆக்சிலைப் பார்க்க வேண்டும். குழாய் வடிவ ஆக்சில்கள் பலவும் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும்படி செய்யப்படுகின்றன. சுமை ஏறும்போது அந்த வளைவு தணிந்து வீல்கள் செங்குத்தாக நிற்கும். தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் நடுப்பகுதி கீழே தொய்ந்து, வீல்களின் மேல்முனைகள் படகை நோக்கிச் சாய்ந்துவிடும். உள் ஓரம் முதலில் தேய்வது அதனால்தான். படகு வாங்கியபோது குறித்துவைத்த எடையை இங்கே நம்பக் கூடாது. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ முக்கால் கிலோ. 200 லிட்டர் டேங்க் நிரம்பினால் 150 கிலோ கூடிவிடும். பேட்டரிகள், நங்கூரம், குடிநீர், படகின் அடித்தட்டில் தேங்கி யாரும் கவனிக்காமல் விட்ட தண்ணீர் ஆகியவை அதற்கு மேல். எடை மேடையில் ஏற்றி, ஆக்சில்மேல் விழும் எடையைத் தனியாக எடுத்து, ஆக்சிலில் பொறித்துள்ள தாங்குதிறனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி. ஒரே ஒரு வீல் மட்டும் சாய்ந்திருந்தால் சுமை காரணமாக இருப்பது அரிது. நடைபாதை விளிம்பில் மோதி, ஹப் சுழலும் அச்சுமுனை வளைந்திருக்கலாம், அல்லது படகு தாங்கிக் கட்டைகளில் நடுவில் உட்காராமல் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கலாம். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கும் பழக்கமும் குழாயை வளைத்துவிடும். ஜாக்கியைச் சட்டத்துக்கடியிலோ, தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்திலோதான் வைக்க வேண்டும்.

அடுத்து, ஆக்சில் சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். வண்டியோடு இணைக்கும் கப்ளரின் நடுப்புள்ளியிலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும், நீளாத டேப்பால் தனித்தனியே அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இரட்டை ஆக்சில் என்றால், இரண்டு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும்; அங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை. ஒற்றை ஆக்சில் கோணலாக இருந்தால் ட்ரெய்லர் நண்டு நடப்பதுபோல் ஒருக்களித்து ஓடும். இரண்டு ஆக்சில்கள் இணையாக இல்லாவிட்டாலோ ஒன்றையொன்று இழுத்துப் பறித்து நான்கு டயர்களையும் அரைத்துவிடும். என் ட்ரெய்லரில் பின் ஆக்சில் இப்படித்தான் நகர்ந்திருந்தது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்து நிறுத்தும் யு-போல்ட் ஒன்று துருவில் மெலிந்து தளர்ந்திருக்க, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்து, விரல்நகம் அகலத்துக்கு இரும்பு பளபளத்தது. அதன் ஓரத்தில் செம்பழுப்புத் துருத்தூள் கோடாகப் படிந்திருந்தது. அப்படியொரு கோடு தெரிந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று உறுதியாகக் கொள்ளலாம். நட்டை முறுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், யு-போல்ட்டுகளையே புதிதாக மாற்றிவிடுங்கள்.

ரப்பர் பொதிந்த டார்ஷன் ஆக்சில்களில் லீஃப் ஸ்பிரிங் கிடையாது என்பதால், வீல்களைத் தாங்கும் இருபக்கக் கைகளும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் தளர்ந்திருக்கக்கூடும்.

படகு ட்ரெய்லரைப் பிற ட்ரெய்லர்களிலிருந்து வேறுபடுத்துவது, அது தண்ணீரில் இறங்குகிறது என்பதுதான். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப்பைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் இறக்குமேடைக்கு வந்ததும் உடனே இறக்காமல், ஹப் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஹப்பைத் திறக்கும்போது கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது உறுதி. பேரிங்கைப் பெட்ரோலில் அல்லாமல், தீப்பிடிக்கும் ஆபத்து குறைந்த கழுவுதிரவத்தில் கழுவித் துடைத்து, வெளி வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருளைகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் கறுத்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால், ட்ரெய்லர் மாதக்கணக்கில் நின்றபோது தண்ணீர் அங்கே தேங்கி அரித்திருக்கிறது. அந்தக் கோடுகள் போகாது. உருளையையும் வளையத்தையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியதற்கு அடையாளம். சீலின் உதடு அமரும் அச்சுமுனைப் பகுதியை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் குழியில் இடறினால் எத்தனை புது சீல் போட்டாலும் நீர் கசியும்.

மீண்டும் பொருத்தும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பேரிங்கை உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். சில வகை ஹப்களுக்குத் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருப்பார். அங்கே அதையே பின்பற்றுங்கள். கிரீஸை அளவுக்கு மீறி அழுத்தினால் பின்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் ரிம்மின் உள்பக்கமெல்லாம் தெறித்து, பிரேக்கிலும் படியும்.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். படகு ட்ரெய்லர் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், தரையைத் தொடும் பட்டன் தேயாமல் நிறைய இருக்கும்போதே ரப்பரில் வெடிப்புகள் விழுந்துவிடுகின்றன. ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த டயரை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதில்லை.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு டயரின் குறுக்கேயும் சாக்பீஸால் பட்டையாகக் கோடிட்டு, சமதளச் சாலையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். கோடு எங்கும் ஒரேபோல மங்கியிருந்தால் டயர் முழு அகலத்தில் தரையைத் தொடுகிறது. பிறகு ஹப்களைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஏதேனும் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறதா என்று கவனியுங்கள். வீல் நட்டுகளையும் புதிய யு-போல்ட் நட்டுகளையும் முதல் 80 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.